கறுப்பு–தங்க டிரான்ஸ் ஆம்: பானட் பறவையை உரிப்பதும் ஒட்டுவதும்

போன்டியாக் டிரான்ஸ் ஆம் என்னும் பழைய அமெரிக்கக் காரின் பானட் மேலுள்ள அந்தப் பெரிய பறவை ஸ்டிக்கரை ஒட்ட இரண்டு பேருக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அதற்கு முந்தைய வேலைக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். கெட்டுப்போன வேலைகளைப் பார்த்தால், பெரும்பாலும் அந்த மூன்று நாளை அரை நாளாகச் சுருக்கியிருப்பார்கள். ஆர்வக் கோளாறில் பழைய ஸ்டிக்கரை உரித்துப் போட்டுவிட்டு, புதியதைக் கையில் வைத்துக்கொண்டு, வால் நுனி எங்கே வரும், இறக்கை நுனி எங்கே முடியும் என்று தெரியாமல் நிற்பதுதான் அதில் முதல் தவறு. எவ்வளவு வெடித்து வெளுத்திருந்தாலும், அந்தக் காருக்கான ஒரே வரைபடம் பழைய ஸ்டிக்கர்தான்.

பானட் பறவை 1973-ல் 55 டாலர் கூடுதல் விலைக்கு வந்தது. போன்டியாக்கின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 1976-ல் கறுப்பு உடம்பில் தங்கக் கோடு போட்ட பதிப்பு வெளியானது. 1977 முதல் அதே கறுப்பு–தங்க ஜோடி 'ஸ்பெஷல் எடிஷன்' என்ற பெயரில் தொடர்ந்தது. ஆலைக் குறியீட்டில் ஒய்81 என்றால் சாதாரணக் கூரை, ஒய்82 என்றால் கழற்றக்கூடிய டி-டாப் கூரை. 1978-ன் பிற்பகுதியிலிருந்து கறுப்புப் பதிப்புக்கு ஒய்84 என்று குறியீடு மாறியது. அதே ஆண்டு தங்க நிற உடம்போடு ஒய்88-ம் வந்தது. 1979-ல் பத்தாம் ஆண்டுப் பதிப்பான ஒய்89 வெள்ளி நிறத்தில் 7,500 கார்கள். அதில் பறவையின் இறக்கை பானட்டைத் தாண்டி ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) வரை விரியும். வேலை தொடங்கும் முன் கார் இவற்றில் எது என்று உறுதிசெய்யாவிட்டால், பிறகு எவ்வளவு சுத்தமாக ஒட்டினாலும் தப்பான ஸ்டிக்கரைச் சுத்தமாக ஒட்டியதாகத்தான் ஆகும்.

சேஸிஸ் எண் இதற்கு முழு விடை தராது. 1977, 78 கார்களில் எண் 2W87 ('இரண்டு–டபிள்யூ–எண்பத்தேழு') என்று தொடங்கினால் டிரான்ஸ் ஆம். ஐந்தாவது இடத்தில் 'இசட்' இருந்தால் போன்டியாக்கின் 400 கன அங்குல இன்ஜின், 'கே' இருந்தால் ஓல்ட்ஸ்மொபீலின் 403. ஏழாவது இடத்தில் 'என்' என்றால் ஒஹாயோவின் நார்வுட் ஆலை, 'எல்' என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். ஆனால் ஸ்பெஷல் எடிஷனா இல்லையா என்பது அந்த எண்ணில் இல்லை. சாதாரணக் கறுப்பு டிரான்ஸ் ஆமில் தங்க ஸ்டிக்கர் ஒட்டி விற்ற கார்கள் ஊர்ப்பட்டது உண்டு. 1979-ல் மட்டும் 1,17,108 டிரான்ஸ் ஆம் கட்டினார்கள் என்றால், ஸ்டிக்கரால் 'ஸ்பெஷல்' ஆனவை எத்தனை இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பி.எச்.எஸ். என்னும் போன்டியாக் ஆவணச் சேவை, ஆலை போட்ட பில்லின் நகலைத் தருகிறது. அதில் ஒய் எண் இருந்தால் விஷயம் முடிந்தது.

அதே பில் இன்னொரு சிக்கலையும் தீர்க்கும். பானட் துளைக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும், காற்றை உள்வாங்கும் ஷேக்கர் ஸ்கூப்பின் பக்கங்களில் இன்ஜின் அளவு ஸ்டிக்கர் வரும். 1977, 78-ல் அதிகத் திறனுள்ள டபிள்யூ72 400 இன்ஜினுக்கு மட்டும் 'டி/ஏ 6.6'. சாதாரண 400-க்கும் ஓல்ட்ஸ்மொபீல் 403-க்கும் '6.6 லிட்டர்'. இரண்டு 400-களுக்கும் சேஸிஸ் எண்ணில் ஒரே 'இசட்'தான் என்பதால் எண்ணை மட்டும் நம்பி ஸ்டிக்கர் வாங்கக் கூடாது. கையடக்கமான இந்தச் சின்ன ஸ்டிக்கரில்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கண் வைப்பார்கள். எழுத்து வடிவமும் அப்படித்தான். ஸ்பெஷல் எடிஷனில் ஃபெண்டரிலும் பின் ஸ்பாய்லரிலும் வரும் 'டிரான்ஸ் ஆம்' பழைய ஜெர்மன் பாணி கோதிக் எழுத்து. சாதாரணக் காரில் அது வேறு வடிவம். இரண்டையும் கலந்து ஒட்டிய கார்கள் கண்ணை உறுத்தும்.

உரிக்கும் முன்

பானட் முழுவதையும் மூடும் அளவுக்குத் தடித்த, தெளிவான பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை விரித்து நான்கு மூலையிலும் மாஸ்கிங் டேப் போடவும். மெல்லிய மார்க்கரால் பறவையின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்தால் பாதி வேலைதான். பானட்டின் முன் விளிம்பு, இரு பக்க விளிம்புகள், ஷேக்கர் துளையின் விளிம்பு ஆகியவற்றையும் அதே ஷீட்டில் வரைய வேண்டும். அப்போதுதான் பெயிண்ட் அடித்து வந்த பானட்டில் ஷீட்டை மறுபடி விரிக்கும்போது அது தன் இடத்தில் தானாக உட்காரும். இறகுகளின் நுனிகளை ஒவ்வொன்றாகக் குறிக்கவும். வால் நுனியிலிருந்து பானட் முன் விளிம்புக்கு எவ்வளவு, இறக்கை நுனியிலிருந்து பக்க விளிம்புக்கு எவ்வளவு என்று மில்லிமீட்டரில் எழுதவும். இடமும் வலமும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

அளந்தால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. ஆலையில் கையால் ஒட்டியவை இவை. சில மி.மீ. வித்தியாசம் சாதாரணம். அதை அப்படியே திரும்ப ஒட்டுவதா, சரிசெய்வதா? அசல் பெயிண்ட் இருக்கும் காரில் கோணலை அப்படியே வைப்பதுதான் நியாயம், ஏனென்றால் பெயிண்டில் பழைய நிழல் காட்டிக்கொடுக்கும். புதிதாகப் பெயிண்ட் அடித்த காரில் வித்தியாசத்தைச் சரிபாதியாக்கி ஒட்டலாம்.

நடுக்கோடு எடுக்கும்போது எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. ஷேக்கர் ஸ்கூப்பின் நடுவை வைத்துப் பறவையின் நடுவைத் தீர்மானிப்பார்கள். அந்த ஸ்கூப் பானட்டில் பொருத்தியது அல்ல. ஏர் கிளீனர் மேல், அதாவது இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினோடு சேர்ந்து ஆடும். அதனால்தான் அதற்கு ஷேக்கர் என்றே பெயர். இன்ஜின் மவுண்ட் ரப்பர் அமுங்கியிருந்தால் ஸ்கூப் துளைக்குள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதைப் பார்த்து ஒட்டிய பறவை, மவுண்ட் மாற்றிய அன்றைக்குக் கோணலாகத் தெரியும். துளையின் இரு விளிம்புகளிலிருந்தும், பானட்டின் இரு விளிம்புகளிலிருந்தும் அளந்து நடுவை எடுங்கள். ஸ்கூப்பை எப்படியும் கழற்றியாக வேண்டும். கழற்றியதும் கார்புரேட்டர் வாயைச் சுத்தத் துணியால் அடைத்துவிடவும். சோப்புத் தண்ணீரும் ஸ்டிக்கர் துணுக்கும் அதற்குள் போகக் கூடாது.

உரிப்பது

வினைல் வளைந்துகொடுப்பது அதில் கலந்திருக்கும் மென்மையாக்கி எண்ணெயால். நாற்பது ஆண்டு வெயிலும், கீழிருந்து வி8 இன்ஜின் சூடும் சேர்ந்து அதை வற்றவைத்துவிடும். அதனால்தான் பழைய பறவை காய்ந்த வாழைச் சருகுபோல் சுருங்கி வெடிக்கிறது. இப்படிக் காய்ந்ததைச் சூடு காட்டி முழுசாக உரிக்கலாம் என்ற நினைப்பு வேண்டாம். நகம் நகமாகத்தான் வரும்.

சூடு ஒட்டுப் பசைக்காக, வினைலுக்காக அல்ல. முடி உலர்த்தும் டிரையரே போதும். ஹீட் கன் என்றால் மிகக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தகடு 45–50 டிகிரி செல்சியஸ் வந்தால் போதும். உள்ளங்கையை வைத்து மூன்று நொடி தாங்க முடிந்தால் சரியான சூடு. உள்ளங்கை அளவு இடத்தைச் சூடாக்கி, பிளாஸ்டிக் பிளேடைப் படுக்கையாகத் தள்ளி எடுத்து, பிறகு அடுத்த உள்ளங்கை அளவு. இரும்பு பிளேடு வேண்டாம். அது போடும் கீறல் புது ஸ்டிக்கருக்கு மேலேயும் கோடாகத் தெரியும். மூக்குப் பகுதியும் பின் ஸ்பாய்லரும் வளையும் யூரித்தேன். அங்கே ஹீட் கன் காட்டினால் உருவமே மாறிவிடும். டிரையர் மட்டும்.

டிரில்லில் மாட்டும் ரப்பர் அழிப்பான் சக்கரம் வேகமாக வேலை முடிக்கும். கெட்டியாக்கி கலந்து அடிக்கும் இன்றைய டூ-கே பெயிண்ட் மேல், சக்கரத்தில் குறித்துள்ள வேக எல்லைக்குள், அழுத்தாமல் ஓட்டினால் பரவாயில்லை. அசல் லாக்கர் மேல் கூடாது. அந்தக் காலத்து அக்ரிலிக் லாக்கர் கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே காயும் பெயிண்ட். உள்ளே ரசாயனப் பிணைப்பு ஏதும் ஏற்படாது. சக்கரத்தின் உராய்வுச் சூட்டில் அது இளகி இழுபடும். இதே காரணத்தால்தான் பசையை எடுக்கத் தின்னரோ அசிட்டோனோ தொடக் கூடாது. நாற்பது ஆண்டு ஆனாலும் லாக்கர் தன் தின்னரில் கரையும். துணியில் கறுப்பு வந்தால் அது அழுக்கு அல்ல, உங்கள் பானட். ஆரஞ்சுத் தோல் எண்ணெய் வகைப் பசை நீக்கியைத் துணியில் நனைத்து, பசை மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து, பிளாஸ்டிக் பிளேடால் வழித்து எடுப்பது மெதுவான வழி. லாக்கருக்கு அதுதான் வழி. அதையும் முதலில் பானட்டின் அடி விளிம்பில் தடவிப் பார்த்துவிடவும்.

எல்லாம் எடுத்த பிறகு பெயிண்டில் பறவை இன்னும் இருக்கும். ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாத பெயிண்ட் கருகருவென்றும், சுற்றியுள்ளது மங்கியும் நிற்கும். உடனே கம்பவுண்டை எடுக்காமல், புது ஸ்டிக்கரை ஒட்டாமல் அந்த நிழல்மேல் விரித்துப் பாருங்கள். முழுக்க மூடினால் நிழலைத் தொடவே வேண்டாம். ஓரிரு மி.மீ. வெளியே தெரிந்தால் மட்டும் சுற்றிலும் 2000, பிறகு 3000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கம்பவுண்ட் போட்டுச் சமன்செய்யலாம். அதற்கு முன் பெயிண்ட் கனம் அளக்கும் கருவியை வைத்துப் பாருங்கள். 75 மைக்ரானுக்குக் கீழே காட்டினால் தேய்க்க அங்கே பெயிண்ட் இல்லை.

புது ஸ்டிக்கர்

வார்ப்பு வினைல், உருளை வினைல் என்று இரண்டு வகை. வார்ப்பு சுமார் 50 மைக்ரான், மெல்லியது, சுருங்காது. உருளையில் இழுத்துத் தயாரித்தது 75–100 மைக்ரான். அதற்கு இழுபட்ட ஞாபகம் உள்ளேயே இருக்கும். கறுப்பு பானட் சூட்டில் அது மெல்லப் பழைய அளவுக்குத் திரும்பும், விளிம்பைச் சுற்றிக் கருப்பாகப் பசைக் கோடு தெரியும், அதில் தூசி ஒட்டும். விலை குறைவான செட் பெரும்பாலும் இந்த வகைதான். வாங்கும் முன் கேளுங்கள். பறவை, எழுத்து, உடம்புக் கோடுகள் எல்லாவற்றையும் ஒரே தயாரிப்பாளரிடம் ஒரே சமயத்தில் வாங்கவும். ஒவ்வொருவர் தங்கமும் ஒவ்வொரு தங்கம். ஒன்று பித்தளை மாதிரி இருக்கும், இன்னொன்று மஞ்சள் தூள் மாதிரி.

அந்தக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் பார்ட்ஸாக விற்ற, பிரிக்காத அசல் ஸ்டிக்கர்கள் இன்னும் சந்தைக்கு வருகின்றன. நிறம் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் பசை செத்துப்போயிருக்கும், அல்லது பின்தாளோடு ஒன்றிப்போயிருக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். பானட்டில் ஒட்ட வேண்டாம்.

சுருட்டி வந்த ஸ்டிக்கரை ஒரு நாள் முழுக்க மேசையில் தட்டையாக விரித்து வைத்துவிடுங்கள்.

ஒட்டும் நாள்

புதுப் பெயிண்ட் என்றால் அதற்குள்ளிருந்து கரைப்பான் வாயு வாரக்கணக்கில் வெளியேறும். மேலே ஸ்டிக்கர் ஒட்டினால் கொப்புளம். காற்றில் காய்ந்த பெயிண்டுக்கு நான்கு வாரம் விடுவது நல்லது. அவசரம் என்றால் மீந்த வினைலில் 10 செ.மீ. சதுரம் வெட்டி ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அதில் கொப்புளம் வந்தால் பறவையிலும் வரும்.

தகட்டின் சூடு 20–28 டிகிரி. காற்றின் சூடு அல்ல, தகட்டின் சூடு. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், நிழலில் இருக்க வேண்டும். 15-க்குக் கீழே போனால் பசை பிடிக்காது. 32-க்கு மேலே தொட்டதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்த விடாது, வினைலும் இழுபடும்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஈரம் காயும் முன் இன்னொரு துணியால் ஒற்றி எடுக்கவும். லாக்கரில் ஆல்கஹாலோடு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, சட்டென்று துடைத்து எடுத்துவிட வேண்டும். பிறகு வெறும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலையில்போல் உருண்டு நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது, மறுபடி துடைக்கவும். படர்ந்து விரிந்தால் சுத்தம். ஒட்டும் தண்ணீருக்கு ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் நான்கைந்து சொட்டு குழந்தை ஷாம்பு. நுரை பொங்கினால் அதிகம், கொட்டிவிட்டு மறுபடி கலக்கவும். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனர் பசைக்கு ஆகாது.

பறவையைப் பின்தாளோடு பானட்டில் விரித்து, ஷீட் வரைபடத்தை மேலே போட்டு, நுனிகள் பொருந்தும்வரை நகர்த்தவும். மாஸ்கிங் டேப் துண்டுகளால் நிறுத்திவிட்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்க்கவும். பிறகு பம்பர் மட்டத்துக்குக் குனிந்தும் பார்க்கவும். நின்றால் சரியாகவும் குனிந்தால் கோணலாகவும் தெரிந்தால் நடுக்கோட்டில் பிழை.

திருப்தியானதும் பறவையின் முதுகெலும்பு நெடுக, முன்னிருந்து பின்னாக, 5 செ.மீ. அகல டேப் ஒன்றை இறுக்கமாகப் போடவும். அதுதான் கீல். ஒருவர் இடது இறக்கையைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் பின்தாளைக் கீல்வரை உரித்து வெட்டவும். பானட்டிலும் பசைப் பக்கத்திலும் தண்ணீரைச் சொட்டச் சொட்டத் தெளிக்கவும். இங்கே சிக்கனம் பார்த்தவர்கள் எல்லாரும் வருந்தியிருக்கிறார்கள். இறக்கையை மெல்ல இறக்கி, தண்ணீரை வழித்துத் தள்ளும், ஃபெல்ட் விளிம்பு வைத்த ஸ்குவீஜிப் பட்டையால் முதுகெலும்பிலிருந்து நுனி நோக்கித் தள்ளவும். ஒவ்வொரு தள்ளும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். இறகின் நீளவாக்கிலேயே தள்ளுங்கள். இறகுகளுக்கு நடுவே பெயிண்ட் தெரியும் இடைவெளி உண்டு. குறுக்கே தள்ளினால் மெல்லிய இறகு ஒதுங்கிப்போய் அந்த இடைவெளி அடைந்துவிடும். இடது முடிந்ததும் கீலை எடுத்துவிட்டு வலது. எங்கேயும் இழுத்துப் பொருத்தாதீர்கள். இழுத்த வினைல் ஒரு வெயில் காலத்துக்குள் திரும்பி வரும்.

ஸ்டிக்கரின் முகத்தை மூடியிருக்கும் மேல்தாளை உடனே உரிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். குறைந்தது 45 நிமிடம், ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் இரண்டு மணி நேரம் பொறுக்கவும். பிறகு தாளின் முதுகில் அதே சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஒரு நிமிடம் ஊறவிட்டு, தாளைத் தன் மேலேயே மடித்து, பானட்டோடு ஒட்டினாற்போல் இழுக்கவும். செங்குத்தாகத் தூக்கினால் இறகும் சேர்ந்து வரும். அப்படி எழும்பினால் தாளை மறுபடி படுக்க வைத்து, அழுத்தி, கால் மணி நேரம் கழித்து வாருங்கள்.

கடுகளவு குமிழிகளை விட்டுவிடுங்கள், ஓரிரு வாரத்தில் தானாகப் போய்விடும். அதைவிடப் பெரியதை மெல்லிய ஊசியால் குமிழியின் ஓரத்தில், சாய்வாகக் குத்தி, துளை நோக்கித் தள்ளவும். பிளேடால் கீறினால் அந்தக் கீறல் நாளாக ஆக வாய் திறக்கும். ஷேக்கர் துளை விளிம்பை ஒட்டி வரும் இடங்களில் ஸ்டிக்கரை விளிம்புக்கு மேல் மடிக்காமல் 1–2 மி.மீ. முன்பே நிறுத்தவும். மடித்த இடத்தில்தான் முதலில் எழும்பும்.

ஒய்89-ல் இறக்கை பானட்டிலிருந்து ஃபெண்டருக்குத் தாவுவதால், பானட் கீலையும் இடைவெளிகளையும் முதலில் சரிசெய்து முடித்துவிட வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டியபின் பானட்டை 2 மி.மீ. நகர்த்தினாலும் இறகு முறிந்தது போலத் தெரியும்.

மேலே கிளியர் அடிக்கலாமா?

நிறமற்ற கிளியர் பூச்சை ஆலையில் அடிக்கவில்லை. கையால் தடவினால் விளிம்பு தட்டுப்பட வேண்டும், அதுதான் அசல். கிளியர் கோட்டுக்கு அடியில் புதைத்தால் வழவழப்பாக இருக்கும், வெயிலும் கொஞ்சம் தாங்கும். ஆனால் கிளியரில் உள்ள கரைப்பான் வினைலைச் சுருக்கக்கூடும், அதுவும் முதல் பூச்சை ஈரமாக அடித்தால் நிச்சயம். பின்னால் ஒரு கல் பட்டாலோ வினைல் சுருங்கினாலோ ஓர் இறகை மட்டும் மாற்ற வழியில்லை, பானட் முழுவதையும் சுரண்ட வேண்டும். போட்டிக்குப் போகும் காரில் வேண்டவே வேண்டாம். தினமும் ஓட்டும் காரிலும் எங்கள் ஓட்டு வேண்டாம் பக்கம்தான்.

உடம்பைச் சுற்றி வரும் தங்கக் கோடுகளுக்குத் தண்ணீர் முறையே போதும். கதவு இடைவெளியில் கோட்டை ஒரே துண்டாக ஒட்டி, கதவைத் திறந்து, புது பிளேடால் நடுவில் வெட்டி, நுனிகளை விளிம்புக்குள் மடிக்காமல் விடவும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடு நுனியை ஒடித்துப் புது நுனி எடுங்கள். மழுங்கிய பிளேடு கோட்டை வெட்டாது, இழுக்கும்.

மூன்று நாளைக்குக் கழுவ வேண்டாம். இரண்டு வாரத்துக்குப் பிரஷர் வாஷர் வேண்டாம், அதன் பிறகும் பீச்சலை விளிம்புக்கு எதிராகக் காட்டாதீர்கள். பாலிஷ் ஸ்டிக்கர் மேல் படக் கூடாது, விளிம்பில் வெள்ளையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வாரம் கழித்து ஷேக்கர் துளையைச் சுற்றியும் வால் நுனியிலும் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். எங்காவது தூக்கியிருந்தால், ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அடியைத் துடைத்து, டிரையர் சூடு காட்டி, துணி சுற்றிய விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் உட்கார்ந்துவிடும். மாதக்கணக்கில் விட்டு, அடியில் தூசி புகுந்த பிறகு பார்த்தால் உட்காராது.